கரிசல் மண்ணும் கவுண்டி வரியும்

நான் கோவில்பட்டிப் பக்கம். கோடையில் கரிசல் வெடித்து, கை நுழைகிற அளவுக்கு வாய் பிளந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவன். டெக்சாஸில் காலின் கவுண்டிக்கு (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) வந்து வீடு வாங்கிய முதல் ஆகஸ்டில், பின்பக்கப் புல்தரையில் அதே வெடிப்பைப் பார்த்ததும் ஊர் ஞாபகம்தான் வந்தது. இதுவும் கரிசல் பூமிதான், ஒரு காலத்தில் இங்கேயும் பருத்திதான் விளைந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, வீட்டைச் சுற்றி நீர் கசியும் குழாய் போட்டு மண்ணை ஈரமாக வைத்துக்கொள், இல்லாவிட்டால் மண் சுருங்கி ஃபவுண்டேஷன் இறங்கிவிடும் என்றார். செடிக்குத் தண்ணீர் விடுவோம், வீட்டுக்கே தண்ணீர் விடுவதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். குழாய் வாங்கிப் போடுவதற்குள் வெளிச்சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து செங்கல் செங்கலாகப் படியிறங்கி ஒரு விரிசல் தரை வரைக்கும் வந்துவிட்டது.

அடுத்த ஏப்ரலில், வரி போடுவதற்காக வீட்டுக்கு என்ன மதிப்பு என்று சொல்லும் அப்ரைசல் நோட்டீஸ் வந்தது. விரிசல் விட்ட வீட்டுக்கு முந்தின வருஷத்தைவிட மதிப்பு கூடியிருந்தது. எனக்கு வந்த கோபம் எல்லாம் கவுண்டி மேல். இங்கே நம்மவர்களில் பலர் இப்படித்தான் நினைக்கிறோம், அதனால் இதை விவரமாகவே எழுதுகிறேன்.

வீட்டுக்கு மதிப்புப் போடுவது கவுண்டி அல்ல, அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் என்ற தனி அமைப்பு. ஜனவரி 1 அன்று சந்தையில் வீடு என்ன விலை போகும் என்று மட்டும்தான் அது சொல்லும். அந்த மதிப்பின் மேல் எத்தனை சென்ட் வரி என்பதை கவுண்டி, நகராட்சி, பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம், கல்லூரியை நடத்தும் கல்லூரி மாவட்டம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு செய்கிறார்கள். வசூல் மட்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில், கவுண்டி வரி அலுவலகத்தில் நடக்கிறது. பில்லில் அந்தப் பெயர் இருப்பதால் எல்லாப் பணமும் கவுண்டிக்கே போவதாகத் தோன்றுகிறது. உண்மையில் காலின் கவுண்டி எடுப்பது 100 டாலருக்குச் சுமார் 15 சென்ட்தான், 5 லட்சம் டாலர் வீட்டுக்குக் சலுகைக் கழிவுகளைக் கழிக்காமல் 750 டாலர் வரும். பள்ளிக்குப் போவது 100 டாலருக்கு ஒரு டாலரை ஒட்டி. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, அதனால் பாரம் வீட்டின் மேல் உட்காருகிறது.

மே 15க்குள் அந்த மதிப்பை எதிர்த்துப் புரொட்டெஸ்ட் போட்டேன் (நோட்டீஸ் தாமதமாக வந்தால் அதிலிருந்து 30 நாள்). முதலில் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் அலுவலரோடு பேசிப் பார்க்கலாம், ஒத்து வராவிட்டால் விசாரணைக்குப் போகலாம். விசாரணையில் மூன்று பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரிகள் இல்லை, இதே கவுண்டியில் குடியிருப்பவர்கள்தான். உறுதிமொழி எடுத்துக்கொண்டு, விரிசலின் படங்களையும், எத்தனை இடத்தில் ஃபவுண்டேஷனைத் தாங்கும் தூண் (பியர்) இறக்க வேண்டும் என்று ரிப்பேர்காரர் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டையும் மேஜையில் வைத்தேன். ஒரு அம்மாள் படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "எங்கள் வீட்டிலும் இப்படித்தான் ஆரம்பித்தது" என்றார். கால் மணி நேரத்துக்குள் முடிந்தது, மதிப்பைக் குறைத்தார்கள். வக்கீல் இல்லை, சிபாரிசு இல்லை, ஒரு பைசா கட்டணம் இல்லை. புதிதாக வந்தவர்களே, குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் சலுகைக்கு விண்ணப்பிக்க மட்டும் மறக்காதீர்கள். பள்ளி வரிக்காக வீட்டு மதிப்பிலிருந்து கழிக்கும் அந்தத் தொகை 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1,40,000 டாலராகக் கூடியிருக்கிறது.

சரி, மதிப்பு கவுண்டியின் வேலை இல்லை என்றால் கவுண்டி என்னதான் செய்கிறது? அதைப் பார்க்கத்தான் ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு மெக்கின்னிக்குப் போனேன். டெக்சாஸ் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட காலின் மெக்கின்னி என்பவரின் முதல் பெயர் கவுண்டிக்கு, கடைசிப் பெயர் அதன் தலைநகருக்கு. அங்கே கூடுவதன் பெயர் கமிஷனர்ஸ் கோர்ட், தலைமை வகிப்பவர் கவுண்டி ஜட்ஜ். கோர்ட், ஜட்ஜ் என்றதும் வழக்கு நடக்கும் இடம் என்றே நினைத்திருந்தேன். அது நிர்வாக சபை. ஜட்ஜும் நான்கு கமிஷனர்களும் மக்கள் ஓட்டுப் போட்டு நான்கு வருஷத்துக்குத் தேர்ந்தெடுத்தவர்கள். ஜட்ஜ் சட்டம் படித்திருக்க வேண்டியதுகூட இல்லை.

பிரார்த்தனை, அமெரிக்கக் கொடிக்கு ஒரு உறுதிமொழி, டெக்சாஸ் கொடிக்கு இன்னொன்று. அப்புறம் வேலை. ரோட்டுக்குத் தார் வாங்கும் டெண்டர், கட்ட வேண்டிய பில்கள், பக்கத்து நகரங்களோடு ஒப்பந்தங்கள், காலிப் பணியிடங்கள் என்று ஒரு நீளப் பட்டியல், அதில் பெரும்பகுதி ஒரே தீர்மானத்தில் நிறைவேறிவிடுகிறது. பார்க்க வந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. எந்த நகரத்துக்குள்ளும் சேராத பகுதியிலிருந்து ஒரு விவசாயி வந்திருந்தார். மழை பெய்தால் ரோட்டுக்கு அடியில் போகும் குழாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் தன் நிலத்தில் நிற்கிறது என்று, தொப்பியைக் கையில் பிடித்தபடி, நின்று சொன்னார். அவர் பகுதிக் கமிஷனர் இரண்டு கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டார்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளும் திங்கட்கிழமைதான். எங்கள் ஓடைக் கரைக்காக அப்பா மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விடியற்காலைப் பஸ்ஸில் போவார். ஆனால் அந்தக் கலெக்டரை மாற்ற அப்பாவுக்கு ஓட்டு இல்லை. இங்கே அந்த விவசாயிக்கு இருக்கிறது. ஷெரிஃப், கவுண்டி கிளார்க், அரசு வழக்கறிஞர், ஏன், வரி வசூலிப்பவர்கூட ஓட்டில் ஜெயித்து வந்தவர்தான். அவர் பதவிப் பெயரிலும் கலெக்டர் என்ற சொல் இருக்கிறது.

அதற்கப்புறம்தான் என் அன்றாடத்தில் கவுண்டி எத்தனை இடத்தில் இருக்கிறது என்று கண்ணில் பட ஆரம்பித்தது. கார் கண்ணாடியில் ஒட்டும் ரிஜிஸ்ட்ரேஷன் ஸ்டிக்கர் வரி அலுவலகத்திலிருந்து வருகிறது. வீட்டுப் பத்திரம் கிளார்க் அலுவலகத்தில் பதிவாகிறது, ஊரில் சார்பதிவாளர் ஆபீஸ் மாதிரி. நண்பன் திருமண லைசென்ஸ் வாங்கியதும் அங்கேதான், வாங்கி 72 மணி நேரம் கழித்துத்தான் கல்யாணம் செய்ய முடியும். ஜூரி அழைப்பாணைகூட ஒருமுறை வந்தது. டிரைவிங் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால் குடியுரிமை இல்லாதவர்களுக்கும் வந்துவிடுகிறது. குடிமகன் இல்லை என்று குறித்துத் திருப்பி அனுப்பினேன். அதைப் பெட்டியில் போட்டபோது மனம் கொஞ்சம் கனத்தது, ஆறு வருஷமாக வரி கட்டுகிற இடம் இது.

ஓட்டு இல்லாவிட்டாலும் ஆகஸ்டில் வரி விகிதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு வருஷமும் போனேன். அக்டோபர் 1 அன்று அவர்களுக்குப் புதிய நிதியாண்டு, அதற்குள் பட்ஜெட்டும் விகிதமும் முடிவாக வேண்டும். பெயர் கொடுத்தால் யாரும் பேசலாம், நீ குடிமகனா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாம் வருஷம் நானும் எழுந்து பேசினேன், குரல் நடுங்கத்தான் செய்தது.

போன வருஷம் குடியுரிமை கிடைத்தது. சில வாரத்தில் தபாலில் வாக்காளர் அட்டை வந்தது, சின்ன அட்டைதான். அதில் என் பெயருக்குப் பக்கத்தில் கமிஷனர் பிரிசிங்ட் எண், அதாவது நான் எந்தக் கமிஷனரின் பகுதி என்று சொல்லும் எண், அச்சாகியிருந்தது. அந்த எண்ணுக்கு உரியவர் அந்த மேடையில் எந்த நாற்காலியில் உட்காருவார் என்று எனக்குத் தெரியும்.