மூணுல போடு

"அண்ணே, ஸ்பீடு எவ்வளவு?" என்று கார் பாலிஷ் மெஷினோடு நின்ற, வேலை பழகும் பையன் கேட்டான். "மூணுல போடு" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கால் மணி நேரத்தில் பம்பர் முனையில் பெயிண்ட் போய், விரல் நுனி அளவுக்குக் கறுப்பு பிளாஸ்டிக் தெரிந்தது.

நான் சொன்னதில் தப்பில்லை என்றுதான் முதலில் தோன்றியது. பழைய மெஷினில் டயல் மூன்று என்றால் நிமிடத்துக்கு 1200 சுற்று. கட்டிங்குக்கு, அதாவது கீறலைத் தேய்த்து எடுப்பதற்கு, பத்திரமான வேகம். அவன் கையில் இருந்ததோ புது மெஷின், அதில் மூன்று என்பது 1800. டயல் எண் மெஷினுக்கு மெஷின் மாறும் என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

சரி, அதே 1800 பானட்டில் ஓடியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. தகடு சூட்டை இழுத்துப் பரப்பிவிடும். பிளாஸ்டிக்கில் சூடு தேய்த்த இடத்திலேயே தங்கும். முனையிலும் மடிப்பிலும் பெயிண்ட் அடிக்கும்போதே மெலிசாகத்தான் நிற்கும், மெஷினில் மாட்டித் தேய்க்கும் பேடின் அழுத்தமும் அந்த ஒரு கோட்டில் விழும். பெயிண்டுக்கு மேலே அடிக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டே மொத்தம் 40, 50 மைக்ரான். அதில் 2000 நம்பர் உப்புத்தாள் போட்ட கீறலை எடுக்கவே சில மைக்ரான் போய்விடும்.

பேடையும் நான் கேட்கவில்லை. பானட்டுக்கு மாட்டிய 7 அங்குலக் கம்பளிப் பேடு அப்படியே இருந்தது. பெயிண்டைத் தேய்ப்பது பேடின் விளிம்பு ஓடும் வேகம். 1800 சுற்றில் 7 அங்குலப் பேடின் விளிம்பு நொடிக்கு சுமார் 17 மீட்டர் ஓடும், 3 அங்குலப் பேடு 7 மீட்டர்தான். சின்ன பேடு மாட்டியிருந்தால் அந்த முனை அநேகமாகத் தப்பியிருக்கும்.

இதெல்லாம் சொல்லிக் கொடுத்ததுதான். தேய்க்கும் பசையான காம்பவுண்டைப் பரப்ப 600. கட்டிங் 1200 முதல் 1500, அகலமான தகட்டில் மட்டும் 1800 வரை. ஃபோம் பேடில் ஃபினிஷிங், அதாவது கடைசிப் பளபளப்பு, 1000, 1200. மெஷினின் எடையே போதும், கை அழுத்தக் கூடாது. முனைக்கு மாஸ்கிங் டேப். பேடு முனையைத் தாண்டி வெளியே ஓடுகிற பக்கமாகச் சுழல வேண்டும், எதிர்ப்பக்கமாக வந்து முனையில் மோதக் கூடாது. அடிக்கடி நிறுத்திப் புறங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். காம்பவுண்ட் காய்ந்து தூளாகப் பறந்தால் உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இத்தனையும் கேட்டவன் ஏன் யோசிக்கவில்லை என்று அன்றைக்குக் கோபப்பட்டேன். யோசித்ததால்தானே வந்து கேட்டான்? "எந்த இடம், என்ன பேடு?" என்று திருப்பிக் கேட்டிருந்தால் போதும். ஆனால் பழகுகிறவனிடம் ஒவ்வொரு முறையும் "பார்த்துப் போடு" என்றால் அவன் கை நகராது. ஓர் எண் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அதனால் புது மெஷின் டயல் பக்கத்தில் டேப் ஒட்டி 600, 1200, 1500 என்று மார்க்கரில் எழுதி வைத்தேன். பேடின் அளவு அதில் இல்லை. டேப் ஒட்டியதிலிருந்து அவன் என்னிடம் வந்து ஸ்பீடு கேட்பதே இல்லை.