டீ ஆறுறதுக்குள்ள 11 ஃபைல்

மலேசியாவுல 2024 மார்ச் 1-லேயே சேவை வரி 6-லருந்து 8 விழுக்காடு ஆயிடுச்சு. பழைய கஸ்டமர் ஒருத்தர் இப்பத்தான் பில் சிஸ்டத்தை மாத்தச் சொல்றார் (என்னத்த சொல்ல!). பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையில உக்காந்து டெர்மினல்ல, கோடு எழுதற ஏஐகிட்ட ஒரே வரி: "சேவை வரியை 8 ஆக்கு."

டீ ஆறுறதுக்குள்ள 11 ஃபைலை மாத்திடுச்சு. என்னென்ன மாறுச்சுன்னு கிட் டிஃப் போட்டுப் பார்த்தா சாப்பாட்டுக்கும் பார்க்கிங்குக்கும்கூட 8! அதுக்கெல்லாம் இன்னும் 6 தானே? ஆனா கோடைச் சரிபார்க்கற டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். எப்படின்னா, டெஸ்ட் ஃபைல்லயே 6-ஐ அழிச்சு 8 எழுதி வெச்சிருக்கு, கள்ளன்.

கிட் ரிஸ்டோர் அடிச்சு எல்லாத்தையும் பழையபடி ஆக்கினேன். "இந்த ஒரு ஃபைல் மட்டும், டெஸ்ட்டைத் தொடாதே, கேட்டுட்டு மாத்து"ன்னு பச்சப்புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னேன். நாலே வரி மாறுச்சு.

அண்ணே, தே தாரிக் இன்னொன்னு, குராங் மானிஸ் (சீனி கம்மி)!