பெட்ஃபோர்டு கியூ.எல்.: கொட்டகைக் குறிப்புகள்

2025 ஜனவரி 11, சனி

லாரி வந்து சேர்ந்துவிட்டது. லோ-லோடரிலிருந்து இறக்கி, வின்ச் போட்டு இழுத்துக் கொட்டகைக்குள் ஏற்றுவதற்குள் இருட்டிவிட்டது. இங்கிலாந்தின் கென்ட்டில் இந்த மாதம் நாலரை மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடுகிறது.

பெட்ஃபோர்டு கியூ.எல். வரிசையில் கியூ.எல்.டி. வகை, 1943-இல் செய்தது. மூன்று டன் சரக்கு லாரி, நான்கு சக்கரமும் இழுக்கும். போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்டதை ஒரு மர வியாபாரி வாங்கிக் காட்டில் மரம் இழுக்க வைத்திருக்கிறார். அப்புறம் ஒரு பண்ணையின் வேலியோரம் காஞ்சொறி மண்டிப் பல வருஷம் கிடந்திருக்கிறது. கேபினின் தரைத்தகடு பொத்தல் பொத்தலாக இருக்கிறது. பின்பெட்டிப் பலகைகள் தொட்டால் கையோடு வருகின்றன. சேசிஸ், அதாவது அடிச்சட்டம் மட்டும் உறுதி. சுத்தியலால் நெடுகத் தட்டிப் பார்த்தேன், எங்கேயும் செத்த சத்தம் இல்லை.

கியூ.எல். வரிசையின் முதல் மாதிரி 1940 பிப்ரவரியில் தயாரானது. 1941-இல் உற்பத்தி தொடங்கி 1945-க்குள் சுமார் 52,000 லாரிகள் வெளியே வந்தன. ஒரே சேசிஸின் மேல் சரக்குப் பெட்டி, 29 வீரர்களை ஏற்றும் பெட்டி, வயர்லெஸ் அறை, பெட்ரோல் டேங்க் என்று எதை வேண்டுமானாலும் பொருத்தினார்கள். போஃபர்ஸ் என்ற விமான எதிர்ப்புப் பீரங்கியை இழுப்பதற்குத் தனி வகையே உண்டு.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, என்ன நிறம் அடிக்கப் போகிறாய் என்பதுதான். பெயின்ட் கடைசி வேலை. சக்கரம், பிரேக், பெட்ரோல் குழாய், ஸ்டியரிங். இந்த நான்கும் சரியாகும்வரை நிறத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

2025 ஜனவரி 26, ஞாயிறு

சக்கரங்கள். பழைய பிரிட்டிஷ் ராணுவ லாரியில் கை வைக்கிற யாரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த ரிம் ஒரே துண்டு அல்ல. இரண்டு பாதிகளைச் சேர்த்து, வட்டமாக நட்டு போட்டு இறுக்கியிருக்கிறார்கள். பாலைவனத்திலோ சேற்றிலோ பஞ்சர் ஆனால், பெரிய கருவி எதுவும் இல்லாமல் நட்டைக் கழற்றி, பாதிகளைப் பிரித்து, டயரை எடுத்துவிடலாம். போர்க்களத்துக்கு ரொம்ப வசதி. ஆனால் சக்கரத்தின் முகத்தில் இரண்டு வட்டமாக நட்டுகள் இருக்கின்றன. உள்வட்டம் சக்கரத்தை ஹப்போடு பிடிக்கிறது. வெளிவட்டம் ரிம்மின் இரு பாதிகளைப் பிடிக்கிறது. டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்டத்தைக் கழற்றினால் பாதி ரிம் பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். இப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்த நட்டுகளுக்குச் சிவப்பு அடிப்பார்கள்.

இந்த லாரியில் அந்தச் சிவப்பு எப்போதோ போய்விட்டது. மர வியாபாரி நட்டு, ரிம், ஹப் எல்லாவற்றுக்கும் ஒரே நீலத்தை அடித்து வைத்திருக்கிறார்.

பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கிற ரீமி படைப்பிரிவில் 1960-களில் வேலை பார்த்தவர். என் கையில் ஸ்பேனரைப் பார்த்ததும், "முதலில் வால்வு ஊசியை எடு. அப்புறம் ஒரு கம்பியை விட்டு, துருவோ மண்ணோ அடைத்திருக்கிறதா பார். காற்று முழுக்கப் போய்விட்டது என்று உன் கை சொல்ல வேண்டும், கண் சொன்னால் போதாது" என்றார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அப்படியே செய்தோம். பாதிகளைப் பிரித்துத் துருவைச் சுரண்டி, போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தோம். ஒரு ரிம்மில் மயிரிழை அளவு விரிசல். அதை வெல்டிங் வைத்துக் காப்பாற்றலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். வேறு ரிம் தேட வேண்டும்.

மற்ற ரிம்கள் ப்ரைமர் காய்ந்ததும் முதல் நிறமாகச் சிவப்புதான் வாங்கின, வெளிவட்ட நட்டுகளில் மட்டும்.

2025 பிப்ரவரி 15, சனி

எஞ்சின் சுற்றிவிட்டது!

ஆறு சிலிண்டர், 3.5 லிட்டர், 72 குதிரைத்திறன். கேபினில் இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே, ஒரு மூடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டு சிலிண்டரில் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருந்தது. இரண்டு வால்வுகள் இறுகிப் போயிருந்தன. ஆட்டோ கியர் ஆயிலையும் அசிட்டோனையும் கலந்து பிஸ்டன்களின் மேல் ஊற்றி வைத்தோம். மாலையில் வந்து ஹேண்டிலைப் போட்டு இரண்டு பக்கமும் மெல்ல அழுத்திப் பார்ப்பது, மறுபடி ஊற்றுவது. கட்டையை வைத்து பிஸ்டனை அடிப்பவர்கள் நிறையப் பேர். அடித்தால் பிஸ்டன் அசையும், கூடவே ரிங்கும் உடையும். பொறுமையாக இருந்தால் இரண்டுமே மிஞ்சும். இன்று ஹேண்டில் ஒரு விரற்கடை நகர்ந்தது. அப்புறம் கால் சுற்று. சாயங்காலத்துக்குள் முழுச் சுற்று.

தண்ணீர் ஓடும் அறைகளைத் திறந்தபோது செம்மண் சேறு போலத் துரு வந்தது. பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் தகட்டு மூடிகளைத் தட்டி எடுத்துவிட்டு, வளைத்த கம்பியால் மூலை மூலையாகச் சுரண்டி வாளி வாளியாகக் கழுவினேன். இதை ஒழுங்காகச் செய்யாமல் வண்டியை ஓட்டினால் கடைசி சிலிண்டர்கள் சூடேறிச் சாகும்.

இந்த எஞ்சினில் எனக்குப் பிடித்த விஷயம், எதற்குமே விசேஷக் கருவி கேட்பதில்லை. எங்கோ ஒரு தோப்பில் மழையில் நின்றுகொண்டு, ஒரு பெட்டி ஸ்பேனரோடு இதைப் பிரித்துப் பூட்ட வேண்டியவனை மனதில் வைத்து வரைந்திருக்கிறார்கள்.

2025 மார்ச் 1, சனி

பெட்ரோல் குழாய் முழுக்கப் புதிது. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பரை அது மெதுவாக இளக்கிவிடும். பம்ப்புக்குள் இருக்கும் டயஃப்ரமும் தப்பாது. சீட்டுக்குப் பக்கத்திலேயே சூடான எஞ்சின் இருக்கிற வண்டியில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எத்தனால் தாங்கும் ஆர்9 முத்திரை போட்ட குழாய், அதேபோல் தாங்கும் டயஃப்ரம், 5 சதவீத எத்தனாலோடு வரும் சூப்பர் பெட்ரோல். ஈயம் இல்லாத பெட்ரோல் பற்றி இந்த எஞ்சினுக்குப் பெரிய கவலை இல்லை. கம்ப்ரஷன் விகிதம் குறைவு, 6-க்குச் சற்று மேலே, அவ்வளவுதான்.

2025 மார்ச் 29, சனி

நேற்று லூட்டன் ஆலையில் உற்பத்தி நின்றுவிட்டது. வாக்ஸ்ஹால் கம்பெனி லண்டனிலிருந்து லூட்டனுக்குக் குடிபோனது 1905-இல். பெட்ஃபோர்டு என்பது அவர்களுடைய லாரிப் பெயர். என் கொட்டகையில் நிற்கிற இது பிறந்த ஊர் அது.

1940 ஆகஸ்ட் 30 அன்று ஜெர்மன் விமானங்கள் அந்த ஆலையின் மேல் குண்டு போட்டன. 39 தொழிலாளர்கள் இறந்தார்கள். கியூ.எல். உற்பத்தி தொடங்கியது அதற்கு அடுத்த வருஷம். சர்ச்சில் டாங்கிகளும் அதே நிறுவனத்தின் பொறுப்பில்தான் வந்தன. அத்தனை சாவுக்குப் பிறகும் வேலைக்கு வந்து நின்றவர்கள் இறுக்கிய நட்டுகளைத்தான் நான் இந்தக் குளிர்காலம் முழுக்கக் கழற்றிக்கொண்டிருந்தேன். கேபினில் இருக்கும் பித்தளைத் தகட்டை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். எண்கள் தெளிவாக வந்தன. வேறு எந்த வேலையும் இன்று ஓடவில்லை.

2025 ஏப்ரல் 19, சனி

பிரேக். ஹைட்ராலிக் பிரேக்தான், மிதிக்கிற காலுக்கு உதவியாக வேக்கம் சர்வோ. வீல் சிலிண்டர்கள் உள்ளே அரித்துப் போயிருந்தன. எல்லாவற்றையும் கடைந்து, துருப்பிடிக்காத எஃகு ஸ்லீவ் இறக்கி வாங்கி வந்தேன். செலவு அதிகம்தான். சும்மா தேய்த்து விட்டிருந்தால் ஒரு கோடை தாங்கும், அடுத்த கோடையில் கசியும்.

ஏர் எடுக்க, அதாவது பிரேக் குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்ற, மகள் உதவினாள். அவள் கேபினில் உட்கார்ந்து மிதிக்க, நான் கீழே படுத்துக்கொண்டு நிப்பிளைத் திறந்து மூடினேன்.

"அப்பா, இன்னும் மிதிக்கணுமா?"

"பிடிச்சுக்கோம்மா... விட்டுடாதே... சரி, இப்ப விடு."

குழாய் முனையை எண்ணெய் ஜாடிக்குள் விட்டிருந்தோம். முதலில் நுரை, அப்புறம் பெரிய குமிழ்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து, கடைசியில் குமிழே இல்லாமல் தெளிந்த எண்ணெய். "பெடல் கல்லு மாதிரி நிக்குதுப்பா" என்று மேலேயிருந்து குரல் வந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும் என்பதால், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் குறித்த காலத்தில் மாற்றியே ஆக வேண்டும். தேதியை எழுதி மாஸ்டர் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியாயிற்று.

2025 ஏப்ரல் 27, ஞாயிறு

கடைசியில் பெயின்ட்டுக்கு வந்தோம். கதவின் உள்பக்கத்தில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு உப்புத்தாளால் நனைத்து நனைத்துத் தேய்த்தேன். மேலே மர வியாபாரியின் நீலம். அதன் கீழே ஆலிவ் பச்சை. அதற்கும் கீழே பழுப்பு. கூரையோரம் போனால் பழுப்பின் மேல் கறுப்புத் திட்டு, விளிம்பு வட்ட வட்டமாக.

எல்லாமே கணக்குப்படி இருக்கிறது. 1943-இல் பிரிட்டிஷ் லாரிகள் பழுப்பில் வந்தன, பச்சை நிறமிக்குத் தட்டுப்பாடு இருந்தது. வெயில் படும் மேற்பகுதி வானிலிருந்து பளிச்சென்று தெரியாமலிருக்க அங்கே கறுப்பு வட்டங்கள் போட்டார்கள். சிப்பாய்கள் அதை மிக்கி மவுஸ் காது என்றார்கள். 1944 வசந்தத்தில் ஆலிவ் பச்சைக்கு மாறினார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த வண்டிகளின் நிறத்தோடு அது ஒட்டிப்போனது.

பின் ஆக்சிலுக்கு அடியில் வேறொன்று கிடைத்தது. ஆக்சிலின் நடுவே உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியலின் மேல் கெட்டியாகப் படிந்திருந்த கிரீஸையும் மண்ணையும் கத்தியால் வழித்தால் உள்ளே வெள்ளை. விளக்கணைப்பு இரவுகளில், பின்னால் வரும் டிரைவர் முன் வண்டியைத் தவறவிடாமலிருக்க டிஃபரன்ஷியலுக்கு வெள்ளையடித்து, அதன் மேல் மட்டும் வெளிச்சம் விழும்படி சின்ன விளக்கு ஒன்றை வைப்பார்கள். விமானத்திலிருந்து தெரியாது, பின் வண்டிக்குத் தெரியும். அந்த வெள்ளையை அப்படியே விட்டுவிட்டு மேலே வார்னிஷ் மட்டும் பூசுகிறேன். கதவில் தேய்த்த இடமும் அப்படியே இருக்கும். மற்ற இடமெல்லாம் 1944-இன் ஆலிவ் பச்சை. பளபளப்பு கூடாது. எந்தப் படைப்பிரிவின் சின்னமும் போட மாட்டேன், இந்த லாரி எதில் இருந்தது என்பதற்குச் சான்று கிடைக்கும்வரை.

2025 மே 8, வியாழன்

ஐரோப்பாவில் போர் முடிந்து 80 ஆண்டு. கிராமத்துப் புல்வெளிவரை ஓட்டிப் போய் நிறுத்தினோம்.

கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோமெஷ் இந்தக் கியர் பெட்டியில் கிடையாது. கிளட்சை மிதித்து நியூட்ரல், விட்டு ஒரு நொடி, மறுபடி மிதித்து அடுத்த கியர். இறக்கும்போது நடுவில் ஆக்சிலேட்டரும் கொடுக்க வேண்டும். சத்தத்தைக் கேட்டுத்தான் ஓட்ட முடியும். அதிகபட்சம் மணிக்கு 38 மைல், அதாவது சுமார் 61 கிலோமீட்டர். நான் அதைத் தொடவே இல்லை. மேட்டில் ஏறும்போது எஞ்சினின் சூடு இடது முழங்காலில் அடிக்கிறது. இந்தச் சூட்டோடும் இந்தச் சத்தத்தோடும் விளக்கில்லாமல் இரவு முழுக்க ஓட்டியவர்களுக்குப் பத்தொன்பது, இருபது வயதுதான் இருந்திருக்கும்.

பெரியவர் பக்கத்து சீட்டில் வந்தார். வழியெல்லாம் பேசவில்லை, காது மட்டும் முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் பக்கமே இருந்தது. இறங்கியதும், "நல்லாத்தான் ஓடுது. வீட்டுக்குப் போனதும் ஹப்பைத் தொட்டுப் பார்" என்றார்.

2025 மே 25, ஞாயிறு

ஹப்பைத் தொட்டுப் பார்த்ததில் மூன்று வெதுவெதுப்பு, பின்பக்க இடது மட்டும் சூடு. பிரேக் டிரம்மைக் கழற்றினால் சீல் கசிந்து ஆயில் பிரேக் லைனிங்கில் இறங்க ஆரம்பித்திருக்கிறது. நனைந்த லைனிங்கைக் கழுவிப் பயன்படுத்த முடியாது. லைனிங் புதிதாக ஒட்ட வேண்டும், சீல் சொல்லியிருக்கிறேன், பேரிங்கையும் அப்போதே பார்த்துவிடலாம். ஸ்டியரிங் கம்பிகளுக்கும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுகளுக்கும் கிரீஸ் அடித்தாயிற்று. ஜூனில் ஒரு கண்காட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வலது பக்க டிரம்மையும் கழற்றிப் பார்க்காமல் லாரி கொட்டகையை விட்டு வெளியே போகாது.