பில் இருந்தது, எடுக்கத்தான் முடியவில்லை

திருப்பூரில் சின்ன பனியன் யூனிட் ஒன்றில் கணக்கு வழக்கு பார்க்கிறேன். 2023-ல் ஜிஎஸ்டி போர்ட்டலில், ரிட்டர்னில் உள்ள வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்கும் ஏஎஸ்எம்டி-10 நோட்டீஸ் வந்து கிடந்தது. 2018-19-ல் 3பி-யில் (மாதாமாதம் போடும் ரிட்டர்ன்) நாங்கள் எடுத்த உள்ளீட்டு வரி (வாங்கிய சரக்குக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது), 2ஏ-வில் (சப்ளையர்கள் எங்கள் பெயரில் காட்டிய பில் பட்டியல்) தெரிவதைவிட அதிகமாம். 30 நாளுக்குள் விளக்கம் வேண்டும்.

ஆடிட்டர் அலட்டிக்கொள்ளவில்லை. "பில், சரக்கு வந்ததுக்கு ஆதாரம், பணம் கட்டின பேங்க் ஸ்டேட்மென்ட், மூணையும் எடுத்து வைங்க" என்றார்.

எடுப்பதுதான் பாடு. ரிட்டர்ன் மாதாமாதம் போடுவதால் பில்லும் மாதவாரியாகவே பாக்ஸ் ஃபைலில் ஏறியிருந்தது. நோட்டீஸுக்கோ சப்ளையர்வாரியாகப் பதில் சொல்ல வேண்டும். போதாக்குறைக்கு, நூல் எங்கள் குடோனுக்கே வராது. மில்லில் இருந்து நேராக நிட்டிங்குக்குப் போய்விடும். சரக்கு வாங்கிய கையெழுத்தும் சீலும் நிட்டிங்காரர் வைத்திருந்த எல்.ஆர். (லாரி ரசீது) நகலில்தான். நல்லவேளை, மனுஷன் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் மூட்டை கட்டி வைத்திருந்தார்.

எடைச்சீட்டுகள்தான் சோதித்துவிட்டன. தெர்மல் பேப்பர் என்பதால் அச்சு முழுக்க வெளுத்துவிட்டது. ஓரத்தில் யாரோ பால்பாயின்ட் பேனாவில் எழுதிய வண்டி நம்பர் மட்டும் மிச்சம். அதை இ-வே பில்லில் (சரக்கு அனுப்பும்போது ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) உள்ள வண்டி நம்பரோடு ஒத்துப் பார்த்துத்தான் எது எந்த லோடு என்று பிரித்தோம்.

வித்தியாசத்தில் பெரும்பங்கு ஒரே மில்லால் வந்தது. எங்கள் பில்களை அவர்கள் ஜிஎஸ்டிஆர்-1-ல் (விற்பனை ரிட்டர்ன்) பி2சி, அதாவது ஜிஎஸ்டி பதிவு இல்லாதவருக்கு விற்றது என்று ஏற்றியிருந்தார்கள். அதனால் அவை எங்கள் 2ஏ-வில் வரவில்லை. இந்த மாதிரிக் கேஸுக்கென்றே 2022 டிசம்பர் 27-ல் வந்த 183-ஆம் எண் சுற்றறிக்கை இருக்கிறது. ஒரு சப்ளையரிடம் வித்தியாசம் 5 லட்சத்தைத் தாண்டினால் சி.ஏ. சான்றிதழ், அதற்குள் என்றால் சப்ளையரே எழுதித் தந்தால் போதும். எங்களுடையது 5 லட்சத்துக்குள்தான். மில்லில் அக்கவுண்டன்ட் மாறிவிட்டார், "பழைய டேலி டேட்டாவைத் தேடணும் சார்" என்று இழுத்தார்கள். விடாமல் போன் போட்டு லெட்டர்ஹெட்டில் வாங்கினோம்.

எல்லாவற்றையும் சப்ளையர்வாரியாக அடுக்கி ஏஎஸ்எம்டி-11-ல் பதில் போட்டோம். அப்புறம் பதிலை ஏற்றுக்கொண்டதாக ஏஎஸ்எம்டி-12 வந்து விஷயம் முடிந்தது.

ஸ்கேன் செய்துவிட்டால் எல்லாம் சரி என்று சாஃப்ட்வேர் விற்பவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. 'ஸ்கேன்0047' என்று கிடக்கும் பிடிஎஃப்பை யார் தேடுவது? இப்போது பில், எல்.ஆர்., பேங்க் என்ட்ரி மூன்றும் சப்ளையர் பெயரில் ஒரே ஃபோல்டரில். எடைச்சீட்டு வந்த அன்றே ஜெராக்ஸ். பழைய பெட்டிகளைக் கழிக்கலாமா என்று முதலாளி கேட்டார். ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியில் இருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2018-19-க்கு அது 2026 டிசம்பர் வரை போகிறது என்றேன்.