திரை அணைந்து ‘நோ சிக்னல்’ வந்தால் எங்கே தேடுவது

கேம் ஓடும்போதோ வீடியோ ரெண்டர் ஆகும்போதோ திரை சட்டென்று கறுத்து, மானிட்டரில் ‘நோ சிக்னல்’ என்று வருகிறது. கேபினட்டில் விசிறி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் விண்டோஸ் வந்து நிற்கிறது. இதைக் கேட்டதும் எல்லோரும் சொல்வது ‘கிராஃபிக்ஸ் கார்டு போச்சு’. போயிருக்கலாம்தான். ஆனால் எஸ்எம்பிஎஸ் (எல்லா பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி), ரேம், டிரைவர், பிராசசர், ஒரு மட்டமான டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் என்று எது கெட்டாலும் மானிட்டர் சொல்லும் செய்தி இதேதான். கேபிளில் எதுவும் வரவில்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஏன் வரவில்லை என்பதை, திரை போன அந்த அரை நிமிடத்தில் மற்றதெல்லாம் என்ன செய்தது என்பதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அதனால் அடுத்த முறை திரை போனால் உடனே பவர் பட்டனில் கை வைக்காதீர்கள்.

முதலில் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். கீபோர்டில் விளக்கு மாறி மாறி எரிந்தால் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது. போனது படம் மட்டும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அது தொடர்கிறதா, நின்றுவிட்டதா, ஒரே துணுக்கு ‘டர்ர்ர்’ என்று திரும்பத் திரும்ப இரைகிறதா என்று கவனியுங்கள். அப்படி இரைந்தால் மொத்த சிஸ்டமும் உறைந்துவிட்டது என்று பொருள். அடுத்து விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். இது டிஸ்ப்ளே டிரைவரை மட்டும் மீண்டும் துவக்கும். ஒரு பீப் வந்து படம் திரும்பினால் டிரைவர் அல்லது கேபிள் பக்கம் சாயலாம். இதெல்லாம் பத்து விநாடி வேலைதான்; ஆனால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

விசிறிச் சத்தமும் ஒரு சாட்சி. திரை போன அதே கணத்தில் கார்டின் விசிறிகள் முழு வேகத்தில் ஊளையிட ஆரம்பித்தால், கார்டு தன் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. பவர் கனெக்டர் சரியாக உட்காராதது, 12 வோல்ட் ஒரு நொடி சரிந்தது, கார்டே பழுதானது: இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும். விசிறி உட்பட எல்லாமே படக்கென்று நின்று, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் திரும்ப வருகிறது என்றால், எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்புச் சுற்றைப் போட்டு அணைந்திருக்கிறது. தானாகவே ரீஸ்டார்ட் ஆனால் பிராசசர், ரேம், எஸ்எம்பிஎஸ் மூன்றுக்கும் சந்தேகத்தில் இடம் உண்டு.

விண்டோஸ் எழுதி வைத்திருப்பதையும் படித்துவிடுவோம். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘சிஸ்டம்’ பகுதியைத் திறந்ததும் கண்ணில் படுவது கெர்னல்-பவர் 41. இதைப் பார்த்துவிட்டு ‘பவர்’ என்று இருக்கிறதே என எஸ்எம்பிஎஸ் வாங்க ஓடுகிறவர்கள் நிறைய. 41 சொல்வதெல்லாம் ‘போன முறை முறையாக ஷட்டவுன் ஆகவில்லை’ என்பது மட்டுமே. பட்டனை நீங்களே அழுத்திப் பிடித்தாலும் அது வரும். அதற்குள் ‘பக்செக்கோட்’ என்ற வரியைப் பாருங்கள். 0 என்றிருந்தால் நீலத்திரை எழுதக்கூட நேரமில்லாமல் மின்சாரம் போயிருக்கிறது அல்லது சிஸ்டம் இறுகிவிட்டிருக்கிறது. 41-ஐ விட அதற்குச் சில நொடிகள் முன்னால் பதிவானவைதான் முக்கியம். டிஸ்ப்ளே 4101 இருந்தால் டிரைவர் பதில் சொல்லாமல் நின்று, விண்டோஸ் அதை மீட்டிருக்கிறது. இதற்கு விண்டோஸ் கொடுக்கும் அவகாசம் 2 விநாடி. 60 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் இப்படி ஆனால் நீலத்திரை போட்டுவிடும். இந்த அவகாசத்தை விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் 8, 10 விநாடி என்று கூட்டச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கும். நீண்ட கணக்கீடுகள் ஓட்டுகிறவர்களுக்கு அது உதவலாம். கேமில் திரை போகிறவருக்கு, உறைந்த படத்தைக் கூடுதலாக ஆறு விநாடி பார்க்கக் கிடைக்கும், அவ்வளவுதான்.

‘வியா-லாகர்’ (WHEA-Logger) என்ற பெயரில் பதிவுகள் இருந்தால் வன்பொருளே புகார் கொடுத்திருக்கிறது. 18 என்றால் பெரும்பாலும் பிராசசர் பக்கத்து மீளாப் பிழை. 17 வரிசையாக நூற்றுக்கணக்கில் விழுந்தால் கார்டை போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் பிழை வந்து, திருத்தப்பட்டுக்கொண்டே ஓடுகிறது. காரணம் பெரும்பாலும் இவை: கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்காராதது, கார்டையும் ஸ்லாட்டையும் இணைக்கும் ரைசர் கேபிள், தூசி. ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று தட்டினால் வரும் நாள்வாரிப் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். அங்கே லைவ்கெர்னல்ஈவென்ட் 141 என்றிருந்தால் கிராஃபிக்ஸ் கார்டு வேலையின் நடுவே உறைந்துவிட்டது. இத்தனையும் காலியாக இருந்து 41 மட்டும் தனியாக நின்றால் என் சந்தேகம் முதலில் மின்சாரத்தின் மேல்தான் போகும்.

இனி கழற்றும் வேலை. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். மானிட்டர் கேபிள் கார்டில்தான் இருக்கிறதா, மதர்போர்டில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள்; சிரிக்க வேண்டாம், நடப்பதுதான். கேபிளை மாற்றி, முடிந்தால் டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் பதில் எச்டிஎம்ஐ போட்டு, ரிஃப்ரெஷ் ரேட்டை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கி ஒரு நாள் ஓட்டுங்கள். 60-ல் நிற்காமல் ஓடி 144-ல் மட்டும் படம் போய் வந்தால் கேபிள்தான். நீளமான மலிவு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்களுக்கு அந்த வேகத்தைத் தாங்கும் தெம்பு கிடையாது. கேபிள் பிரச்சினையில் சிஸ்டம் உறையாது, சத்தமும் நிற்காது என்பதை நினைவில் வையுங்கள். உறைந்தால் கேபிளை விட்டுவிட்டு மேலே போகலாம்.

பிறகு கார்டைக் கழற்றி மறுபடி செருகுங்கள். ஸ்லாட்டின் கொக்கி ‘கிளிக்’ என்று விழ வேண்டும். திருகை முடுக்கும்போது கார்டின் மறுமுனை தொங்கக் கூடாது. மூன்று விசிறி வைத்த கனமான கார்டுகள் நாளாக ஆக முன்முனையில் சரிந்து, ஸ்லாட்டில் ஒரு பக்கத் தொடர்பு தளரும். கீழே ஒரு தாங்கி வைத்தால் போதும். கார்டில் ஸ்லாட்டுக்குள் போகும் தங்கப் பல்வரிசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கலாம். அழிரப்பரால் தேய்ப்பது பழைய பழக்கம். தூள் ஸ்லாட்டுக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் ஒருமுறை செய்வதில் கேடில்லை, வாரா வாரம் செய்தால் பூச்சு தேயும். கார்டை நிமிர்த்தி வைக்க ரைசர் கேபிள் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு நேராக ஸ்லாட்டில் செருகிப் பாருங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறை ரைசரில் நான்காம் தலைமுறைக் கார்டை ஓட்டினால் திரை போவது அதிசயமே இல்லை. ரைசர் வேண்டும் என்பவர்கள் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) அந்த ஸ்லாட்டை ஜென் 3, அதாவது மூன்றாம் தலைமுறை, என்று நிலைநிறுத்தினால் போதும்; வேகத்தில் பெரிய இழப்பு தெரியாது.

பவர் கேபிள் பகுதியில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஸ்லாட் வழியாக 75 வாட், 6 பின் இணைப்பு 75 வாட், 8 பின் இணைப்பு 150 வாட் என்பது கணக்கு. கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனித்தனிக் கேபிள் வர வேண்டும். ஒரே கேபிளின் நுனியில் இரண்டு தலை தொங்குவதை இரண்டிலும் மாட்டினால் 300 வாட்டும் ஒரே கம்பிக் கொத்தில் ஏறும். பாரம் கூடும்போது கார்டின் வாசலில் வோல்டேஜ் இறங்கும். 16 பின் கொண்ட புதிய இணைப்பானால் அடிவரை அழுத்தி, இடைவெளி தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்; தலையிலிருந்து 35 மில்லிமீட்டர் வரை கேபிளை வளைக்காமல் நேராக விடுங்கள். பிளாஸ்டிக்கில் பழுப்பு நிறமோ உருகிய வாடையோ இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மறுபடி மாட்ட வேண்டாம். இன்னொன்று: மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். தலை பொருந்தும், உள்ளே பின் வரிசை வேறாக இருக்கும். கார்டும் டிரைவும் சேர்ந்து கருகிவிடும்.

எஸ்எம்பிஎஸ் நல்லதா என்று வாட் எண்ணை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. இன்றைய கார்டுகள் சராசரியாக 300 வாட் இழுத்தாலும், மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்துக்கு அதன் இரு மடங்கு வரை எகிறும். பழைய வடிவமைப்புகள் இந்தத் திடீர் எகிறலை ஷார்ட் சர்க்யூட் என்று எடுத்துக்கொண்டு அணைந்துவிடும். 2022-ல் வந்த, எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் 3.0 விதி இதற்காகத்தான், புதிய 16 பின் இணைப்பு உள்ள 450 வாட்டுக்கு மேற்பட்ட எஸ்எம்பிஎஸ்கள் தம் மதிப்பின் 200 சதவீதத்தை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்கிறது. கார்டுக்கு முழுப் பாரம் கொடுக்கும் ஃபர்மார்க் மென்பொருளை அரை மணி ஓட்டி ‘எஸ்எம்பிஎஸ் பாஸ்’ என்று சொல்வதை நான் ஏற்காததும் இதனால்தான். ஃபர்மார்க் சீராக இழுக்கும். கேம் அப்படியல்ல: மெனுவிலிருந்து ஆட்டத்துக்குள் நுழையும் நொடி, லோடிங் திரை முடியும் நொடி என்று பாரம் குதித்துக் குதித்து ஏறும். திரை போவது பெரும்பாலும் அந்தக் குதிப்பில்தான் என்றால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் கூடுகிறது. 12 வோல்ட்டுக்கு வழக்கமான அனுமதி 5 சதவீதம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. மென்பொருள் காட்டும் எண்ணை நம்பாமல் மல்டிமீட்டரால் அளவெடுங்கள். ஆனால் இந்த நொடிச் சரிவுகள் மல்டிமீட்டரிலும் தென்படாது, ஆஸிலோஸ்கோப்தான் வேண்டும். அதனால் வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைக் கடன் வாங்கி ஓட்டிப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு.

கடன் வாங்கும் முன் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. கார்டின் அமைப்புகளை மாற்றும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி, வழக்கமாக விழும் கேமை ஓட்டுங்கள். கிராஷ் நின்றுவிட்டால் மின்சாரமோ வெப்பமோ காரணமாக இருக்கலாம். அடுத்து பவர் லிமிட்டை 100-க்கே திருப்பி, கோர் கிளாக்கை மட்டும் 100 மெகாஹெர்ட்ஸ் குறையுங்கள். இதிலும் நின்றால், கம்பெனி ஏற்றி அனுப்பிய கிளாக்கை அந்தச் சிப்பால் தாங்க முடியவில்லை. முதலாவதில் நின்று இரண்டாவதில் விழுந்தால் எஸ்எம்பிஎஸ் அல்லது சூடு. சூட்டை எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற சென்சார் மென்பொருளில் பார்க்கலாம், ஆனால் ‘ஜிபியு டெம்பரேச்சர்’ மட்டும் போதாது, சிப்பின் மிகச் சூடான இடத்தைக் காட்டும் ‘ஹாட்ஸ்பாட்’ வரியையும் பாருங்கள். இரண்டுக்கும் 30 டிகிரிக்கு மேல் இடைவெளி இருந்தால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறது அல்லது ஹீட்சிங்க் சரியாகப் படியவில்லை. சென்சார் பதிவை ஃபைலில் சேமிக்க விட்டுவிடுங்கள். திரை போனபின் கடைசி வரியைப் படித்தால் எந்தச் சூட்டில், எத்தனை வாட்டில் விழுந்தது என்று தெரியும்.

டிரைவர் விஷயம் சுருக்கம்தான். டிரைவரை நீக்கும் டிடியூ (DDU) மென்பொருளைக் கொண்டு சேஃப் மோடில், நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பழையதைச் சுத்தமாக நீக்கி, புதிதாகப் போடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகுதான் ஆரம்பித்தது என்றால் புதியதைவிட, நன்றாக ஓடிய பழைய பதிப்புக்குப் போவதே சரி. அதற்கும் சரியாகவில்லையென்றால் லைவ் யுஎஸ்பியில் (டிஸ்க்கில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே) லினக்ஸ் ஏற்றி அதே பாரத்தைக் கொடுங்கள். அங்கேயும் விழுந்தால் விண்டோஸைக் குறை சொல்லிப் பயனில்லை. என்விடியா கார்டானால் கெர்னல் பதிவில் எக்ஸ்ஐடி 79 தெரிகிறதா பாருங்கள். கார்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பிலிருந்தே (பஸ்) கழன்றுபோனது என்பதுதான் அதன் அர்த்தம்.

ரேமை மறந்துவிடக் கூடாது. ரேமின் வேகத்தைக் கூட்டும் பயாஸ் அமைப்புகளான எக்ஸ்எம்பி, எக்ஸ்போ இரண்டுமே ஓவர்கிளாக்தான், அதாவது விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான். பெட்டியில் அச்சடித்த வேகம் உங்கள் பிராசசரும் போர்டும் தாங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பயாஸில் அதை அணைத்து ஓட்டினால் திரை போவது நிற்கிறதா பாருங்கள். இரண்டு குச்சிகளானால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் ஸ்லாட்டில் இருக்க வேண்டும். மெம்டெஸ்ட் 86 நான்கு சுற்று ஓடி ஒரு பிழைகூட வரக் கூடாது. ‘ஒன்றிரண்டுதானே’ என்பது இங்கே செல்லாது. டிடிஆர் 5 போர்டில் ரேமைத் தொட்டபின் முதல் பூட்டில் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். அது ‘ரேம் பயிற்சி’ நடக்கும் நேரம், அதாவது போர்டு அந்த ரேமுக்கு ஏற்ற அமைப்பைக் கண்டுபிடிக்கும் நேரம். பொறுமையில்லாமல் அணைத்து அணைத்துப் போடுகிறவர்களுக்கு அது முடியவே முடியாது.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் வைத்திருப்பவர்கள் கார்டைச் சந்தேகிக்கும் முன் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சிப்களில் வோல்டேஜ் கூடிப் போய்ச் சிப்பே தேயும் கோளாறுக்கு 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் மைக்ரோகோட் (பயாஸ் வழியாகப் பிராசசருக்குள் ஏறும் உள் நிரல்) திருத்தங்கள் வெளியிட்டது. இதில் வேடிக்கை, தேய்ந்த பிராசசரில் கேம்கள் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று பிழை காட்டும். பழி முழுக்கக் கார்டின் தலையில் விழும். ஏற்கெனவே தேய்ந்ததை மைக்ரோகோட் சரிசெய்யாது, பிராசசரைத்தான் மாற்ற வேண்டும். இதற்காக இன்டெல் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியும் இருக்கிறது.

பாரம் ஏற்றினால் ஒன்றும் ஆகாமல், சும்மா இருக்கும்போது மட்டும் திரை போகிறது என்றால் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ‘லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்’டை அணையுங்கள். பழைய ரைசன் போர்டானால் பயாஸில் ‘பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்’ என்பதை ‘டிபிக்கல் கரன்ட் ஐடில்’ ஆக்குங்கள். சில எஸ்எம்பிஎஸ்கள் மிகக் குறைந்த மின்னோட்டத்தில் நிலைகுலைவதற்கென்றே வைத்த அமைப்பு அது.

எல்லாம் பார்த்தும் கார்டுதான் என்று வந்தால், பிராசசருக்குள் கிராஃபிக்ஸ் இருப்பவர்கள் கார்டைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். இன்டெல்லில் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் அந்த வசதி இல்லை. முடிந்தால் கார்டை இன்னொரு கம்ப்யூட்டரிலும் போட்டு, அங்கேயும் அதேபோல் விழுகிறதா என்று பாருங்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது ஓசிசிடி (OCCT) மென்பொருளின் விராம் (கார்டின் நினைவகம்) சோதனையில் பிழை வந்திருந்தால் அதன் படம், ரிலையபிலிட்டி பட்டியலின் படம், விழுந்த நேரத்து சென்சார் பதிவு மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். ‘எப்போதாவது திரை போகிறது’ என்று மட்டும் எழுதி அனுப்பினால், சர்வீஸ் மேசையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து ‘பழுது இல்லை’ என்று திருப்பிவிடுவார்கள்.