குள்ளமாகிப்போன பனித்தாமரை

காய்ந்த செடியைத் தாளில் ஒட்டி, எங்கே எப்போது பறித்தது என்று எழுதிவைக்கும் ஹெர்பேரியத்தால் என்ன பயன் என்று யாராவது கேட்டால், இனி பனித்தாமரைக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

பனித்தாமரையின் அறிவியல் பெயர் சாசூரியா லானிசெப்ஸ். கிழக்கு இமயமலையில், திபெத், யுன்னான் பக்கம், உச்சிப் பாறைச் சரிவுகளில் முளைப்பது. பெயர்தான் தாமரை, சொந்தமெல்லாம் சூரியகாந்தியோடு. ஸ்வெட்டர் போட்ட மாதிரி உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு. பல வருஷம் காத்திருந்து ஒரே முறை பூக்கும், அப்புறம் செத்துவிடும். மருந்துக்குப் பறிப்பவர்கள் பூத்ததில் பெரியதாகப் பார்த்துப் பறிக்கிறார்கள், அதுவும் விதை விழும் முன்பே. தப்பிப்பது குட்டைச் செடிகள்தான்.

லா, சாலிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நூறு வருஷத்து உலர்மாதிரிகளை எடுத்து அளந்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். செடி குள்ளமாகிக்கொண்டே வந்திருக்கிறது! அதிகம் பறிக்கப்படாத அதன் பங்காளிச் செடியில் அப்படி எதுவும் இல்லை. எனக்குப் பிடித்தது இந்த ஒப்பீடுதான். இது இல்லாவிட்டால் வெயில், பனி என்று எதன்மேலாவது பழியைப் போட்டிருப்போம்.

திபெத்தியர்கள் புனிதம் என்று கை வைக்காமல் விட்ட மலைப்பகுதிகளில் மட்டும் செடி உயரமாகவே நின்றிருக்கிறது.