டக் தாண்டியது, பார்ஜ் தாண்டவில்லை

அந்த இரவு லாக் புத்தகத்தில் நான் எழுதிய வரி: "02:10. கிழக்கு கார்டினல் மிதவை வலப்புறம் நேராக, 1 கேபிள்." கையெழுத்து அழகாகவே இருக்கிறது. எழுதி நாலு நிமிடத்தில், எங்கள் டக் (இழுவைக் கப்பல்) இழுத்து வந்த பார்ஜ், அதாவது தட்டையடிச் சரக்குப் படகு, பாறைத்திட்டில் ஏறிவிட்டது.

கிழக்கு கார்டினல் என்றால் கறுப்பு, மஞ்சள், கறுப்பு பட்டை. தலையில் இரண்டு கூம்புகள், அடியோடு அடி சேர்ந்து. இரவில் பத்து விநாடிக்கு மூன்று முறை துடிக்கும் வெள்ளை விளக்கு. ஆபத்து என் மேற்கில், நீ கிழக்கே போ என்று அர்த்தம். நாங்கள் கிழக்கேதான் போனோம். திட்டு வரைபடத்தில் இருந்தது, மிதவை ரேடாரில் இருந்தது, விளக்கு கண்ணுக்கே தெரிந்தது. இவ்வளவு அடையாளம் இருந்தும் எப்படி ஏற்றினீர்கள் என்று பிறகு கேட்காதவர்கள் இல்லை.

நான் டக்கின் செகண்ட் மேட் (இரண்டாம் அதிகாரி), நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து நாலு வரை வாட்ச் என்னுடையது. பின்னால் ஆளில்லாத பார்ஜ், 24 மீட்டர் அகலம், மேல்தளம் நிறையக் கருங்கல். நடுவில் 500 மீட்டர் இழுவை ஒயர். தெற்கே போக வேண்டும், வேகம் நாலு நாட் (மணிக்கு நாலு கடல் மைல்). நீரோட்டமோ கிழக்கிலிருந்து மேற்காக, ஒன்றேகால் நாட்டுக்குக் குறையாமல் தள்ளியது. அதை ஈடுகட்ட டக்கின் மூக்கைக் கிழக்காகப் பதினெட்டு டிகிரி திருப்பி வைத்திருந்தேன். நண்டு நடை என்று சொல்வோமே, அது. திரையில் எங்கள் புள்ளி நேர் தெற்காக இறங்கிக்கொண்டிருந்தது.

இங்கேதான் கண் ஏமாற்றும். பின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒயர் நடு முதுகில் நேராகப் போகிறது, பார்ஜின் இடப்பக்கச் சிவப்பு விளக்கும் வலப்பக்கப் பச்சை விளக்கும் சமமாகத் தெரிகின்றன. ஒழுங்காகப் பின்னால் வருகிறது என்றே தோன்றும். ஆனால் அந்தப் 'பின்னால்' என்பது எங்கள் முகத்துக்குப் பின்னால், நாங்கள் வந்த பாதைக்குப் பின்னால் அல்ல. மூக்கு பதினெட்டு டிகிரி கிழக்கே என்றால் வால் அதே பதினெட்டு டிகிரி மேற்கே. 500 மீட்டர் ஒயரின் முனையில் அது ஏறக்குறைய 155 மீட்டர். லாக்கில் நான் எழுதிய ஒரு கேபிள் என்பது 185 மீட்டர். மிச்சம் 30 மீட்டர், அதில் பார்ஜின் பாதி அகலம் மட்டுமே 12. இந்தக் கணக்கைப் போட ஒரு நிமிடம் கூட ஆகாது. நான் போட்டது மறுநாள் மதியம்.

திட்டு நெருங்கும் முன் ஒயரைச் சுருக்க வேண்டும் என்று பயணத் திட்டத்தில் எழுதியே இருந்தது. சுருக்க வேகத்தைக் குறைக்க வேண்டும், ஒயரைச் சுற்றும் வின்ச்சுக்கு ஆள் வேண்டும், கேப்டனை எழுப்ப வேண்டும். அவர் படுத்தே இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அரை மணியில் திறந்த கடல் வந்துவிடும், எதற்கு எழுப்புவது என்று நினைத்தேன். இதை இரக்கம் என்று அப்போது நம்பினேன். சோம்பலும் அதில் பாதி.

லாக்கை மூடிவிட்டுத் திரும்பினால் பச்சை விளக்கைக் காணோம், சிவப்பு மட்டும். பார்ஜ் மேற்கே இன்னும் விலகி ஓடுகிறது. சுக்கானைத் தொடும் முன்பே ஒயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே எழுந்தது, இரும்புக் கம்பியாக விறைத்து. டக் மொத்தமும் நின்று குலுங்கியது. உடனே என்ஜினைத் தணித்தேன். அந்த நிலையில் ஒயர் பக்கவாட்டுக்கு வந்தால் டக்கே கவிழ்ந்துவிடும். அந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன்.

கேப்டன் வெறுங்காலோடு ஓடி வந்தார். "இழுத்துப் பார்க்கட்டுமா சார்?" என்றேன்.

"தொடாதே. ஓட்டையை இப்போ அடைச்சிருக்கிறதே அந்தப் பாறைதான்."

கடல் ஏற்றத்தின் உச்சி கழிந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது, தரைதட்ட அதைவிட மோசமான நேரம் இல்லை. நீர் வடிய வடியப் பார்ஜின் எடை பாறையில் இறங்கியது. தட்டு முனகும் சத்தம் அரை கிலோமீட்டர் தள்ளி எங்களுக்கே கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டேன். பௌர்ணமி போய் நாலு நாள், ஆகவே அடுத்தடுத்த ஏற்றங்கள் இதைவிடக் குறைவாகத்தான் வரும். காத்திருந்தால் மிதக்காது, கல்லை இறக்கித்தான் ஆக வேண்டும். விடிந்ததும் படகில் போய், பார்ஜின் உள்ளே தடுத்திருக்கும் வெற்றுத் தொட்டிகளில் ஒவ்வொன்றாக அளவு நாடாவை விட்டுப் பார்த்தோம். இரண்டில் வெளியே இருந்த மட்டத்துக்கே நீர்.

மீட்புக் குழு காலிப் பார்ஜும் கிரேனும் கொண்டுவந்து கல்லை அள்ளியது. உடைந்த தொட்டிகளின் மூடிகளை இறுக்கி, கம்ப்ரசரால் காற்றை அழுத்தி, புகுந்த நீரைப் புகுந்த வழியாகவே வெளியே தள்ளினார்கள். ஐந்தாம் நாள் ஏற்றத்தில் இரண்டு டக்குகள் இழுக்க, அரைமனதாக நகர்ந்து மிதந்தது.

விசாரணையில் என் பாதையை அச்செடுத்து மேசையில் விரித்தார்கள். கோடு சுத்தமாக மிதவைக்குக் கிழக்கே. விசாரித்தவர் அதில் விரல் வைத்து, "இது நீங்கள். பார்ஜ் எங்கே?" என்றார். அந்தத் தாளில் பார்ஜ் இல்லவே இல்லை. இப்போது எந்த இழுவையிலும் பார்ஜில் ஒரு ஜிபிஎஸ் கருவியைக் கட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன். அது கெட்டால் ஸ்கேலும் பென்சிலும் இருக்கின்றன.

உலர்துறையில் பார்ஜை ஏற்றியபோது போய்ப் பார்த்தேன். அடித்தட்டில் என் கை நீளத்துக்கு ஒரு கிழிசல். அதில் தலை அளவுக்குப் பாறைத் துண்டு ஒன்று திட்டிலிருந்து உடைந்து வந்து, ஆப்பு போல இறுகியிருந்தது. வெல்டர் சுத்தியலால் நாலு தட்டு தட்டினார், அசையவில்லை. கடைசியில் சுற்றியிருந்த தட்டையே வெட்டி எடுத்தார்கள்.